கால் எட்டும் வண்டி

“சார் வரலையா மேடம்?” என்றுதான் விற்பனையாளர் தொடங்கினார்.

மறைமலை நகருக்கு அருகே ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த ஓர் இருசக்கர வாகன ஷோரூமுக்குள் நாங்கள் மூன்று பேர் நுழைந்திருந்தோம். நான், என் மாணவியின் அம்மா, பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகன். வண்டி வாங்க வந்தவர் அந்த அம்மா. பணம் அவருடையது. ஒரகடத்தில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் சிறிய ஆலையில் ஆறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்துச் சேர்த்த பணம். ஆனால் மைலேஜ், எஞ்சின், மாதத் தவணை எல்லாவற்றையும் விற்பனையாளர் பதினைந்து வயதுப் பையனைப் பார்த்தே விளக்கினார். எங்களைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான்: “லேடீஸ்க்கு பிங்க் கலரும் இருக்கு.”

அவருக்கு வண்டி வேண்டியிருந்ததற்குக் காரணம் இரண்டாவது ஷிப்ட். இரவு பதினொன்றை ஒட்டிக் கம்பெனி பஸ் அவரைச் சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் இறக்கிவிடும். அங்கிருந்து ஊருக்கு மூன்று கிலோமீட்டர். பகலில் ஷேர் ஆட்டோ உண்டு, இரவில் ஒன்றும் கிடையாது. கணவருக்கு வெளியூரில் வேலை. கொழுந்தனார் பைக்கில் வந்து அழைத்துப்போவார். சில நாள் வரமாட்டார். சில நாள் குடித்துவிட்டு வருவார். அப்போது அவர் பின்னால் ஏறுவதா, நடப்பதா என்று சாலையில் நின்று முடிவெடுக்க வேண்டும். கடைசியில் கொழுந்தனாரே வீட்டில் பேச்செடுத்தார்: “தினம் என்னால அலைய முடியாது. அண்ணி வேலைய விட்டுடட்டும்.” ஒரு பெண்ணின் சம்பளம், மகளின் கல்லூரிக் கட்டணம், ஆறு வருட அனுபவம் எல்லாமே அந்த மூன்று கிலோமீட்டரில் வந்து நின்றன.

“மேடம், நான் பயந்தாங்கொள்ளி. பதினோரு வயசுல அண்ணன் சைக்கிள்லேருந்து விழுந்தேன், இதோ பாருங்க” என்று தாடைக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினார். “அன்னியோட அம்மா போதும்னுட்டாங்க. எனக்கெல்லாம் எந்த வண்டி சரியா வரும்?”

“பார்க்கலாம்க்கா” என்றேன். நானே நாற்பத்தொன்றாவது வயதில்தான் ஸ்கூட்டர் பழகியவள். என்னிடம் அப்போது பதில் இல்லை.

*

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். நம் மரபு பெண்ணுக்கு வகுத்த குணங்களில் அச்சம்தான் முதலில் நிற்கிறது. வீட்டுக்குள் இருக்கும்வரை அது அவளுக்கு அணி. அதே பெண் சாலைக்கு வந்து பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனால் அது அவளுடைய குறை. “லேடீஸ் ஓட்டினா இப்படித்தான்.” அணியென்று போற்றியபோதும் சரி, குறையென்று சிரித்தபோதும் சரி, ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவள் எதற்காகப் பயப்படுகிறாள்? அவளிடம் தரப்பட்ட வண்டி யாருடைய உடம்பை அளந்து செய்யப்பட்டது?

இந்தக் கேள்வியோடு வண்டிகளின் வரலாற்றைப் படித்தால் அது வேறு மாதிரி தெரிகிறது.

1870-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடிய சைக்கிளின் முன்சக்கரம் ஏறக்குறைய ஆள் உயரம். ஓட்டுபவர் அதன் உச்சியில் உட்கார்ந்திருப்பார். கல் தடுக்கினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். தரை எட்டாது. துணிந்த இளைஞர்களின் விளையாட்டாக அது இருந்தது. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய சம அளவில் இரண்டு சக்கரங்கள், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலி, நின்றால் தரையில் ஊன்றக்கூடிய கால்கள். இந்த வகைக்குப் ‘பாதுகாப்பு சைக்கிள்’ என்றே பெயர். உயரச் சக்கரக்காரர்கள் இதை இளக்காரமாகப் பார்த்தார்கள். 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்து சேர, சில ஆண்டுகளில் உயரச் சக்கரம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இன்று உலகம் முழுக்க ஓடுவது அந்தப் பாதுகாப்பு சைக்கிளின் வாரிசுதான். தயங்குகிறவர்களுக்கென்று நினைத்துச் செய்தது எல்லோருக்குமான வண்டியாயிற்று.

பெண்கள் இந்தச் சைக்கிளில்தான் கூட்டமாக ஏறினார்கள். அமெரிக்க மதுவிலக்கு இயக்கத் தலைவர் ஃபிரான்சிஸ் வில்லர்ட் ஐம்பத்து மூன்று வயதில் சைக்கிள் பழகி, அந்த அனுபவத்தை 1895-இல் ஒரு சிறு நூலாக எழுதினார். தன் சைக்கிளுக்கு ‘கிளாடிஸ்’ என்று பெயர் வைத்திருந்தார். அதே காலத்தில் சில மருத்துவர்கள் சைக்கிள் ஓட்டும் பெண்ணின் முகம் இறுகி விகாரமாகிவிடும் என்று எழுதி, அதற்கு ‘சைக்கிள் முகம்’ என்று நோய்ப்பெயரும் சூட்டினார்கள். நம் வீடுகளில் “கர்ப்பப்பை இறங்கிடும்” என்று சொன்னதற்கு அவர்கள் ஊர்ப் பெயர் அது.

பெண்ணுக்கென்று தயாரிப்பாளர்கள் செய்த மாற்றம் எது? நடுவிலிருந்த பாரைத் தாழ்த்தி வளைத்தார்கள், பாவாடை தடுக்காமலிருக்க. சங்கிலிக்கு மூடி போட்டார்கள், துணி சிக்காமலிருக்க. பின்சக்கரத்தின் மேல் நூல்வலை கட்டினார்கள், அதுவும் துணிக்காக. பார் போனதால் சட்டத்தின் உறுதி குறைந்தது. அதை ஈடுகட்டக் குழாய்களைத் தடிமனாக்கினால் எடை கூடும். ஆக, லேடீஸ் சைக்கிள் பெண்ணின் உடம்பைவிட அவள் உடுத்தியிருந்ததை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அவளுடைய கை அளவு, பிரேக் பிடிக்கும் விரல்களின் எட்டு, கால் நீளம் எல்லாம் அதற்குப் பிறகுதான் யாருக்காவது நினைவுக்கு வந்திருக்கும்.

*

தமிழ்நாட்டில் கடையில் ‘சைக்கிள்’ என்றால் ஆண்கள் சைக்கிள். மற்றது ‘லேடீஸ் சைக்கிள்’. அடைமொழி ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். மிதிவண்டி, ஈருருளி என்று நாங்கள் நல்ல தமிழ்ச் சொற்களைத் தேடிக் கண்டுபிடித்தபோதும் இந்த அடைமொழியை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் நகரத்துக்குப் பெயர் தந்த மறைமலை அடிகளுக்கும் அது தோன்றியிருக்காது. அவருடைய மகள், வடசொற்களுக்குத் தமிழ் அகராதி தொகுத்த நீலாம்பிகை அம்மையாருக்குத் தோன்றியிருக்குமோ என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

என் தலைமுறைக் குழந்தைகளுக்கு வாடகை சைக்கிள் தெரியும். மணிக்கணக்கில் காசு கொடுத்து எடுப்போம். சீட்டில் உட்கார உயரம் போதாதவர்கள் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடிப்போம். வண்டி நமக்குப் பொருந்தாவிட்டால் வண்டிக்கு ஏற்ப நம் உடம்பைக் கோணிக்கொள்ள வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். பையன்கள் வளர்ந்து சீட்டுக்குப் போனார்கள். எங்களில் பலர் பெரியவளானதும் இறங்கிவிட்டோம். விழுந்து எழுந்து, மறுபடி ஏறி, பயத்தைப் பழக்கமாக மாற்றும் அந்த மூன்று நான்கு வருடங்கள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. முப்பத்தெட்டு வயதில் ஷோரூமில் நிற்கும் பெண்ணிடம் நாம் ‘சுபாவம்’ என்று பார்ப்பது அந்த இழந்த வருடங்களைத்தான்.

அந்த வருடங்களை ஒரு மாவட்டமே திரும்ப எடுத்துக்கொண்ட கதை நம்மிடம் உண்டு. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவுப் பணியோடு பெண்களுக்குச் சைக்கிள் பழக்குவதும் சேர்ந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க வழிசெய்தார். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள் என எல்லோரும் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குள் ஊர்வலமாக வந்தார்கள். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலானோர் சைக்கிள் பழகியிருந்தார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். எழுபதாயிரம் பேருக்கு மேல் பொதுவெளியில், போட்டிகளில் ஓட்டிக் காட்டினார்கள்.

சாய்நாத்தின் பதிவில் என்னை மிகவும் நிறுத்திவைத்தது ஒரு சிறிய செய்தி. அத்தனை பெண்கள் ஒரே நேரத்தில் பழகியதால் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். எடுத்தபின் சிலர் அதையே விரும்பத் தொடங்கினார்கள். காரணம், சீட்டிலிருந்து கைப்பிடிவரை போகும் அந்தப் பார். அதில் குழந்தையை உட்காரவைக்கலாம்.

நூறு வருடமாகப் பெண்ணுக்காக என்று அகற்றப்பட்ட பார் அது. அந்தப் பெண்களுக்கு அது தடையாக இல்லை, குழந்தைக்கு இருக்கையாக இருந்தது. அவர்கள் எதைச் சுமக்கிறார்கள், எங்கே போகிறார்கள், யாரை அழைத்துப்போகிறார்கள் என்பதை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண்ணுக்கு ஏற்ற வண்டி எது என்று பெண்ணிடமே கேட்டால் தயாரிப்பாளர் நினைத்த பதில் வராது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

*

மோட்டார் வண்டிக்கு வந்தால் சட்டத்தின் கற்பனையிலேயே பெண் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னிருக்கை உள்ள மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கைப்பிடி, கால்தாங்கி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் ஒரு தடுப்பு ஆகியவை வேண்டும் என்கிறது. பின்னால் இருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமலிருக்க அந்தத் தடுப்பு. விதி ‘பெண்’ என்று சொல்லவில்லை. ஆனால் எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும் அதன் பெயர் ‘சாரி கார்டு’. அது பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் புடவை கட்டிய உடம்புக்காக நம் இருசக்கர வண்டியில் செய்யப்பட்ட ஒரே ஏற்பாடு அவள் ஓட்டமாட்டாள் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது.

1946-இல் இத்தாலியில் பிறந்த வெஸ்பா, காலைத் தூக்கிப் போடாமல் உள்ளே நுழைந்து உட்காரும்படி அமைந்தது. பாவாடையோடும் ஓட்டலாம். 1960-களில் இந்தியாவில் தயாரான ஸ்கூட்டர்களுக்கும் அதே அமைப்புதான். இருந்தும் இங்கே அது குடும்பத் தலைவரின் வண்டியாயிற்று. கையால் மாற்றும் கியர், உதைத்துக் கிளப்பும் கிக்கர், கனமான இரும்பு உடல். முன்பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காலம் அது. எத்தனையோ வீடுகளில் அந்த ஸ்கூட்டர் சீர்வரிசையில் வந்தது. பெண் வீட்டுப் பணத்தில் மாப்பிள்ளை ஓட்ட, பணத்தைக் கொண்டுவந்தவள் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு, மடியில் குழந்தையோடு பின்னால் உட்கார்ந்து போனாள். இருவரில் அதிக ஆபத்தில் இருந்தது யார் என்று கேட்டுப்பாருங்கள். பயந்தவள் என்று பெயரெடுத்தவள்தான், பிடிக்க ஒன்றும் இல்லாமல், சாலையைப் பார்க்காமல், பிறர் கையில் இருந்த பிரேக்கை நம்பிப் பயணம் செய்தாள்.

மாற்றம் கீழிருந்து வந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது, இரண்டு பேர் போகக்கூடிய மொபெட். எடை குறைவு, கியர் இல்லை, நின்றுபோனால் மிதித்தும் போகலாம். எங்கள் பகுதியில் முதன்முதலில் தனியாக வண்டியில் போன பெண்களை மொபெட்டில்தான் பார்த்தேன். ஆரம்பப் பள்ளி ஆசிரியைகள், செவிலியர்கள், எல்.ஐ.சி. முகவர்கள். புதுக்கோட்டை அறிவொளிப் பெண் ஊழியர்களுக்கு யுனிசெஃப் ஐம்பது மொபெட்டுகளை ஒதுக்கியதும் இந்த வரிசையில் வருகிறது. 1984-இல் கைனடிக் ஹோண்டா கியரையும் கிக்கரையும் தேவையற்றதாக்கியது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும். 1990-களின் நடுவில் ஸ்கூட்டி வந்தது. சில வருடங்களில் அந்தப் பெயரே பொதுப்பெயராகிவிட்டது. எந்தக் கம்பெனி கியரில்லா வண்டியையும் ‘ஸ்கூட்டி’ என்றோம். ‘ஸ்கூட்டி ஓட்டுற பையன்’ என்பது கேலியாயிற்று.

பிறகு சந்தை பெண்ணைக் கண்டுபிடித்தது. நிறங்கள் பெருகின. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் எல்லா ஜாலியும் என்று ஒரு விளம்பரம் கேட்டது. அதைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். ஆனால் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன அளவுக்கு, சீட்டின் உயரம் என்ன, ஸ்டாண்டு போட எவ்வளவு பலம் வேண்டும், முன் பிரேக்கை எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லவில்லை. இதற்கிடையே கியரில்லாத வண்டியை ஆண்களும் வாங்கத் தொடங்கினார்கள். கேலி செய்த பையன்களே இன்று அதில் சிலிண்டர் கொண்டுபோகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறார்கள். பாதுகாப்பு சைக்கிளின் கதை நம் கண்முன்னே இன்னொரு முறை நடந்துவிட்டது.

*

அரசும் இந்தக் கதையில் உண்டு. தமிழ்நாட்டில் 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் தருவது தொடங்கிப் பின்னர் அரசுப் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. பீகாரில் 2006-இல் தொடங்கிய மாணவியர் சைக்கிள் திட்டத்தைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியதையும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததையும் கண்டார்கள். பெண்களைத் தடுத்து நிறுத்தியது படிப்பின் மீதான ஆர்வமின்மை அல்ல, தூரம்.

2018 பிப்ரவரி 24 அன்று வேலைக்குப் போகும் பெண்களுக்கான அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கியது. வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். கியர் இல்லாத, 125 சிசிக்கு மேற்படாத வண்டி. உரிமம் வேண்டும். வண்டி இல்லாத வீட்டுப் பெண் எந்த வண்டியில் பழகி உரிமம் எடுப்பாள் என்பதற்குத் திட்டத்தில் இடமில்லை. அண்ணனோ கணவரோ தங்கள் வண்டியைத் தந்தால் உண்டு. 2021-இல் ஆட்சி மாறிய பிறகு அத்திட்டம் நின்றது. அந்த மே மாதமே சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இரண்டில் எது சிறந்தது என்று மேடைகளில் வாதிடுவார்கள். இரவு பதினொரு மணிக்குச் சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் நிற்பவருக்கு இரண்டுமே வேண்டும்.

அந்த நேரத்தில் அவர் அங்கே நிற்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆவது பிரிவு பெண்களை இரவுப் பணியிலிருந்து விலக்கிவைத்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. இரவில் வேலை தருவதற்கு நிபந்தனைகளும் விதித்தது. போக்குவரத்து வசதி அவற்றில் ஒன்று. ஶ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலைகளில் ஷிப்ட் மாறும் நேரத்தில் வரிசையாகப் போகும் கம்பெனி பஸ்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தீர்ப்பு நினைவுக்கு வரும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. விடுதியிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து ஆலை, ஆலையிலிருந்து விடுதி. பெண்கள் நகர்கிறார்கள் என்பது உண்மை. எப்போது கிளம்புவது, எங்கே நிறுத்துவது என்பதை இன்னொருவர் முடிவு செய்கிறார் என்பதும் உண்மை.

இத்தனையும் வண்டி செய்யும் ஊரில் நடக்கிறது. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டின் வாரிசு 2013 முதல் ஒரகடத்தில், 2017 முதல் வல்லம் வடகாலில் மோட்டார் சைக்கிள் செய்கிறது. 190 கிலோவைத் தாண்டும் புல்லட்டுகள் எங்கள் சாலை வழியாகத்தான் லாரிகளில் ஏறிப் போகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு மின்ஸ்கூட்டர் ஆலை முழுக்கப் பெண்களாலேயே இயங்கும், பத்தாயிரம் பேர்வரை எடுப்போம் என்று 2021-இல் அறிவித்தது. பெண்கள் வண்டியைச் செய்வதில் யாருக்கும் தயக்கமில்லை.

*

ஷோரூமுக்குப் போவதற்கு முந்திய வாரம், டொராண்டோவில் வாழும் என் பழைய மாணவியிடம் தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்தாள். “எனக்கும் இதேதான் நடந்துச்சு மேம், பனியில” என்றாள். குழந்தைகளோடு பனிச்சறுக்குப் பழகப் போனவளுக்குக் கணவரின் நண்பர் தன் பழைய சறுக்குப் பலகைகளைத் தந்திருக்கிறார். நீளமானவை, விறைப்பானவை. வேகமாகப் போகிறவருக்கு நீளம் உறுதி தரும். மெதுவாக இறங்கித் திரும்பித் திரும்பி நிற்க நினைப்பவளுக்கு அதே நீளம் எதிரி. இரண்டு நாள் விழுந்து, தனக்குத் தைரியம் போதாது என்று முடிவு கட்டிவிட்டாள். பிறகு வாடகைக் கடையில் ஒரு வயதான பெண்மணி, தாடை உயரத்துக்கு வரும், எளிதில் வளையும் ஒரு ஜோடியை எடுத்துத் தந்தாராம். அன்று மாலையே திரும்பவும் நிற்கவும் வந்துவிட்டது. “பெண்கள் பலகைன்னு தனியா விக்கிறாங்க மேம். சிலது நிஜமாவே எடை குறைச்சு, கால் கட்டுற இடத்தைக் கொஞ்சம் முன்னால தள்ளிச் செஞ்சது. சிலது ஆம்பளைங்க பலகையையே சின்னதாக்கிப் பூப்போட்டது. பூவைப் பாக்காம வளைச்சுப் பாக்கணும்.”

அந்தக் கடைக்காரப் பெண்மணி செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். பையனிடம் பேசிக்கொண்டிருந்த விற்பனையாளரை நிறுத்தி, “ஒவ்வொரு வண்டியா ஏறி உட்காந்து பாக்கணும் தம்பி” என்றேன்.

அந்த அம்மா ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கியரில்லா ஸ்கூட்டர்கள் பலவற்றின் சீட் உயரம் 765 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறது. காகிதத்தில் பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் ஒன்றுமில்லை. காலில் அது பெருவிரல் நுனியா, பாதமா என்ற வித்தியாசம். உயரம் மட்டும் போதாது, சீட்டின் அகலமும் தொடையை விரித்துக் காலைக் குட்டையாக்கிவிடும். முதல் வண்டியில் நுனிவிரல்தான் பட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் இரண்டு பாதங்களின் முன்பகுதியும் முழுசாகப் பதிந்தன. அவர் முகத்திலேயே அது தெரிந்தது. பிறகு வண்டியை உருட்டிப் பார்க்கச் சொன்னேன். நூறு கிலோவுக்கு ஐந்தோ பத்தோ கூடுதல் குறைச்சல் என்பது ஓட்டும்போது தெரியாது. சாய்ந்தால் தெரியும். சென்டர் ஸ்டாண்டு கையால் தூக்குவதல்ல, மிதிகட்டையில் உடல் எடையை இறக்கினால் வண்டி தானே ஏறும் என்று ஷோரூம் மெக்கானிக் காட்டினார். அவர் இரண்டு முறை செய்து பார்த்தார்.

பிரேக் கடைசி. “முன் பிரேக்கைத் தொடாதே, கவுத்துடும்” என்று பெண்களுக்கெல்லாம் யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். வண்டியைச் சீக்கிரம் நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். அதைத் தொடாதே என்று பழக்கிவிட்டு, நிறுத்தத் தெரியவில்லை என்று சிரிப்பது என்ன நியாயம்? 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையுள்ள புதிய வண்டிகளில் ஒரு லீவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு கட்டாயம். இதுவும் தயங்குகிறவர்களை மட்டும் காப்பதில்லை.

பழைய வண்டியே போதும், பழகும்போது கீறல் விழும் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. “புதுசுதான் மேடம். என் பேர்ல முதல் முதலா ஒண்ணு வாங்குறேன்.” நிறம் சாம்பல். பிங்க்கை மகனுக்குப் பிடித்திருந்தது, அவருக்குப் பிடிக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்காட்டின் காலி மனைகளுக்கு நடுவே போட்ட அகலச் சாலையில் பழகினார். ஓட்டுநர் தேர்வில் எட்டுப் போட வேண்டும், கால் தரையில் படக் கூடாது. எந்தக் கால் தரையில் படும் என்ற தைரியத்தில் அவர் ஓட்டக் கற்றாரோ அந்தக் கால் பட்டதால் முதல் முறை தேறவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. அவர் அடுத்த தேதி வாங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். இரண்டாவது முறை தேறினார்.

இப்போது கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில், ராத்திரியும் திறந்திருக்கும் ஒரு மருந்துக்கடை வாசலில் வண்டியை விட்டுவிட்டுப் போகிறார். இரவில் மூன்று கிலோமீட்டரும் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை. கன்டெய்னர் லாரி வந்தால் ஓரங்கட்டி, இரண்டு காலையும் ஊன்றி நின்று, அது போன பிறகு கிளம்புகிறார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். அந்தச் சாலையில் நிற்கத் தெரிந்ததுதான் அறிவு.

“பயம் போயிடுச்சாக்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எங்க மேடம் போகும்? வண்டி நான் சொன்ன இடத்துல நிக்கும்னு தெரிஞ்சுபோச்சு, அவ்ளோதான்.”

போன மாதம் அவருடைய லைனில் வேலை செய்யும் இன்னொரு பெண் வண்டி வாங்க வேண்டுமென்றாராம். கூடப் போனது இவர்தான். “நானே சொல்லிட்டேன் மேடம். கலரு, மைலேஜு எல்லாம் அப்புறம். மொதல்ல ஏறி உக்காந்து காலை ஊனிப் பாருடீன்னு.”